கையெழுத்து இருக்கிறது, ஆள் எங்கே?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கடை வைத்திருப்பவர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன் காலையில் சரியாக ஒன்பது மணிக்கு வருகிறான். நோட்டில் கையெழுத்துப் போடுகிறான். பிறகு வெளியே போய்விடுகிறான். டீக்கடையில் நிற்கிறான், செல்போனில் பேசுகிறான், பக்கத்துத் தெருவில் நண்பனைப் பார்க்கிறான். கல்லாவில் கூட்டம் நெரிகிற பெருநாள் சமயத்தில் ஆளையே காணோம். மாதக் கடைசியில் நோட்டை நீட்டி, 'அண்ணே, இருபத்தாறு நாளும் வந்திருக்கிறேன், சம்பளம் கொடுங்கள்' என்கிறான். கொடுப்பீர்களா?

கொடுக்க மாட்டீர்கள். ஆனால் நம்முடைய ஓட்டை வாங்கிக்கொண்டு டெல்லிக்குப் போன எம்.பி.க்களுக்கு நாம் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாடாளுமன்றத்தில் வருகைப் பதிவேடு இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கு தினப்படி உண்டு. 2025 மார்ச்சில் வெளியான அறிவிப்பின்படி அது ஒரு நாளைக்கு 2,500 ரூபாய். அமைச்சர்களும் சபாநாயகரும் எதிர்க்கட்சித் தலைவரும் இந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. மற்றவர்கள் போட வேண்டும். போட்டவர் அதன்பிறகு அவைக்குள் எத்தனை மணி நேரம் இருந்தார், எந்த மசோதா வந்தபோது இருந்தார், எந்த மசோதா வந்தபோது வெளியே போனார் என்பதற்கெல்லாம் அந்தப் பதிவேட்டில் இடமே கிடையாது. தேர்தல் நேரத்தில், 'எங்கள் எம்.பி.யின் வருகை 90 சதவீதம்' என்று போஸ்டர் அடிக்கிறார்களே, அந்த 90 சதவீதம் கையெழுத்தின் கணக்கு.

நம் தெருக்களில் சிறுவர்கள் விளையாடும்போது, ஆட்டத்தில் சேர்க்காமல் சும்மா பெயருக்கு நிற்க வைக்கும் பையனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்பார்கள். கால் நடக்க முடியாதவனைக் கணக்கில் சேர்க்காத பேச்சு அது. நல்ல பேச்சு இல்லை, நாம் விட்டுவிட வேண்டிய பேச்சு. ஆனால் உண்மையில் ஒப்புக்கு நிற்பவர் யார்? கால் நடக்காதவருக்காகச் சட்டம் வருகிற நாளில், இரண்டு கால்களும் நன்றாக இருந்தும் அவைக்குள் நடந்து வராதவர்தான்!

இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது நம் பிரதிநிதிகள் எங்கே இருந்தார்கள்? இதை ஏன் ஒரு சமுதாய இயக்கத்தின் மேடையில் பேச வேண்டும் என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். பொறுங்கள், சொல்கிறேன்.

வராதவனும் ஓட்டுப் போடுகிறான்

அவையில் இல்லாதவரின் கணக்கு என்ன செய்யும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்த சமுதாயம் வேறு எது? 2019 ஜூலை 30-ம் தேதியை மறந்துவிட்டீர்களா? மாநிலங்களவையில் முத்தலாக் மசோதா. ஆதரவு 99, எதிர்ப்பு 84. வித்தியாசம் வெறும் 15! அன்றைக்கு ஆளுங்கட்சிக்கு அந்த அவையில் சொந்தப் பெரும்பான்மை கிடையாது. பிறகு எப்படி நிறைவேறியது? அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. ஐக்கிய ஜனதா தளம் வெளிநடப்புச் செய்தது. இன்னும் பலர் அவைப் பக்கமே வரவில்லை. 99-ஐயும் 84-ஐயும் கூட்டினால் 183. அந்த அவையின் முழு பலம் 245. மீதிப் பேர் எங்கே?

அரசியல் சாசனத்தின் 100-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அவையில் 'வந்திருந்து வாக்களிப்பவர்களில்' பெரும்பான்மை இருந்தால் போதும் என்கிறது. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை தேவையில்லை. ஆகவே, எதிர்த்துப் பேசிவிட்டு வெளியே போகிறவர் எதிர்க்கவில்லை. பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்கிறார். கடை மொழியில் சொன்னால், எடைக்கல்லை மாற்றி வைத்துவிட்டுப் போகிறார்.

இதற்கு நேர் எதிரான காட்சி 2025 ஏப்ரலில். வக்ஃபு திருத்த மசோதா. மக்களவையில் நள்ளிரவு தாண்டியும் வாக்கெடுப்பு. 288 ஆதரவு, 232 எதிர்ப்பு. 520 பேர் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் மாநிலங்களவையில் 128, 95. முடிவு நமக்குக் கசப்பானது. ஆனால் ஒன்று கிடைத்தது: யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பதிவாகியிருக்கிறது. நாளைக்கு ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவரின் முகத்துக்கு நேராக அந்தப் பதிவை நீட்டிக் கேட்கலாம்.

வணிகப் பெருமக்கள் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2016 ஆகஸ்டு 8. ஜி.எஸ்.டி.க்கான அரசியல் சாசனத் திருத்தம் மக்களவைக்கு வந்தது. 443 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். அரசியல் சாசனத் திருத்தம் என்றால் தலை எண்ணியே ஆக வேண்டும். அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அதனால் கொறடா உத்தரவு பறந்தது. பெரும்பாலானோர் வந்தார்கள்.

அதே ஆண்டு, அதே அவை, நாலே மாதம் கழித்து நடந்ததைக் கேளுங்கள்.

2016 டிசம்பர்

நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நீங்களெல்லாம் வங்கி வாசலில் நின்றீர்கள், நானும் நின்றேன். நவம்பர் 16-ம் தேதி நாடாளுமன்றக் குளிர்காலத் தொடர் தொடங்கியது. தினமும் கூச்சல், தினமும் ஒத்திவைப்பு. ஒரு மாதம் நடந்த அந்தத் தொடரில் குறிக்கப்பட்ட நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வீணாய்ப் போனது. நோட்டு விவகாரம் சிறிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. நம் வணிகர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். எதிர்க்கட்சிகள் குரல் கொடுத்ததும் சரிதான்.

ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு மசோதா மூலையில் கிடந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா. அது அன்றைக்கு வந்ததல்ல. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஏற்றபடி புதுச் சட்டம் செய்ய வேண்டும். மசோதா 2014 பிப்ரவரியில்தான் மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. பிறகு நிலைக்குழுவுக்குப் போனது. அங்கிருந்து திரும்பி வந்தது. ஆட்சி மாறியது. கடைசியில் 2016 டிசம்பர் 14 அன்று மாநிலங்களவை, டிசம்பர் 16 அன்று மக்களவை. டிசம்பர் 16 என்பது தொடரின் கடைசி நாள்! அன்றைக்குத் தவறியிருந்தால் மறுபடியும் அடுத்த ஆண்டுதான்.

ஒன்பது ஆண்டு காத்திருப்பு. கடைசி நாளில் முடிவு. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சண்டையைச் சற்று நேரம் நிறுத்தி வைத்து அதை நிறைவேற்றினார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களோடு வந்த மசோதா அது. நல்ல சட்டம்தான். பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளுக்கே இடம் இருந்தது, இதில் 21. தலசீமியா, ஹீமோபிலியா, தசைச் சிதைவு, ஆட்டிசம், அமிலவீச்சில் பாதிக்கப்பட்டோர் என்று இதுவரை கணக்கிலேயே இல்லாதவர்கள் உள்ளே வந்தார்கள். அரசு வேலையில் ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமானது. உயர்கல்வியில் 5 சதவீதம்.

சரி, இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக எத்தனை எம்.பி.க்கள் வாக்களித்தார்கள்? உங்கள் தொகுதி எம்.பி. வாக்களித்தாரா? அவைக்குள் இருந்தாரா, கேண்டீனில் இருந்தாரா, ஊருக்குத் திரும்பும் விமானத்தில் இருந்தாரா?

யாருக்கும் தெரியாது! ஏனென்றால் நிறைவேறியது குரல் வாக்கெடுப்பில்.

குரல் வாக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சபாநாயகர், 'ஆதரிப்பவர்கள் ஆம் என்று சொல்லலாம்' என்பார். ஒரு சத்தம் வரும். 'எதிர்ப்பவர்கள்?' என்பார். இன்னொரு சத்தம் வரும், அல்லது வராது. எந்தச் சத்தம் பெரிது என்று அவர் காதுக்குப் படுகிறதோ, அதுதான் முடிவு. தலை எண்ணுவதில்லை. பெயர் எழுதுவதில்லை. 543 பேர் இருந்தார்களா, 60 பேர் இருந்தார்களா என்று பிற்காலத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த முடிவை ஏற்க முடியாது என்று ஒரு உறுப்பினர் எழுந்து சொன்னால், அப்போது டிவிஷன், அதாவது எண்ணி வாக்கெடுப்பு. மக்களவையில் மூன்றரை நிமிடம் மணி அடிக்கும். எங்கெங்கோ இருப்பவர்கள் ஓடி வருவார்கள். பிறகு கதவை அடைப்பார்கள். இருக்கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பெயர் பதிவாகும். தேவையில்லாமல் டிவிஷன் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் நினைத்தால், ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை மட்டும் எண்ணி முடித்துவிடவும் விதியில் இடம் உண்டு. 2020 செப்டம்பர் 20-ல் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தபோது, டிவிஷன் வேண்டும் என்று கத்தியும் கொடுக்காமல் குரல் வாக்கெடுப்பில் முடித்ததை நாடே பார்த்தது. விவசாயிகள் ஓராண்டு தெருவில் உட்கார்ந்தார்கள். அந்தச் சட்டங்கள் 2021-ல் திரும்பப் பெறப்பட்டன.

கோரம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு. மக்களவைக்கு 55 பேர், மாநிலங்களவைக்கு 25 பேர். 140 கோடி மக்களுக்குச் சட்டம் செய்ய 55 பேர் போதும்! அதுவும் யாராவது எழுந்து 'கோரம் இல்லை' என்று சொன்னால்தான் எண்ணிப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அவை நடந்துகொண்டே இருக்கும். அறுபது நாட்கள் தொடர்ந்து அனுமதியில்லாமல் வராவிட்டால் பதவியைக் காலி என்று அறிவிக்கலாம் என்று சாசனத்தில் 101-வது பிரிவு இருக்கிறது. அதற்கு நடுவில் ஒரு நாள் வந்து தலை காட்டினால் கதை முடிந்தது.

சில நண்பர்கள் என்னிடம் வாதம் செய்தார்கள். 'எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்ட மசோதாவுக்கு எதற்கு டிவிஷன்? நேரம்தான் வீண்' என்றார்கள். நியாயமான கேள்விதான். ஜி.எஸ்.டி. திருத்தத்துக்கும் எதிர்த்து ஓட்டுப் போட ஒருவரும் இல்லை. அங்கே 443 பேரின் பெயரும் இருக்கிறது. வரிக்கு வந்து பெயர் கொடுத்தவர்கள், கண் தெரியாதவரின் உரிமைக்கு வந்து பெயர் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சாசனம் கட்டாயப்படுத்தியதால்தான் அன்றைக்கு வந்தார்கள் என்றால், கட்டாயம் இல்லாத இடத்தில் வருவதுதானே அக்கறை?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்த ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் அமலுக்கு வந்தபோது சக்கர நாற்காலிக்கும் வரி வந்தது, 5 சதவீதம். பிரெய்ல் தட்டச்சுக் கருவிக்கு முதலில் 18 சதவீதம் போட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் கொதித்தெழுந்த பிறகு அதையும் 5-க்கு இறக்கினார்கள். நடப்பதற்கும் படிப்பதற்கும் வரியா என்று அவர்கள் கேட்டார்கள். அவைக்குள் அதை முன்கூட்டியே கேட்க அவர்களில் எத்தனை பேர் இருந்தார்கள்?

ஜாவித் அபிதி

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் இளைஞர்களில் பலருக்கு அவருடைய பெயரே தெரியாது. அது நம்முடைய குற்றம்.

ஜாவித் அபிதி. அலிகரில் 1965-ல் பிறந்தவர். பிறவியிலேயே முதுகுத்தண்டில் குறைபாடு. பதினைந்து வயதிலிருந்து சக்கர நாற்காலி. அமெரிக்காவில் இதழியல் படித்துவிட்டு டெல்லிக்குத் திரும்பினார். அங்கே வேலை தேடி அலைந்தபோதுதான், படிப்பு இருந்தும் சக்கர நாற்காலியைப் பார்த்தவுடன் மாறும் முகங்களைப் பார்த்தார். தன் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு போராடத் தொடங்கினார்.

1995-ல் ஊனமுற்றோர் மசோதா. அப்போது அந்தச் சொல்தான் வழக்கத்தில் இருந்தது. நரசிம்மராவ் ஆட்சி. குளிர்காலத் தொடர் தொலைத்தொடர்பு ஊழல் விவகாரத்தில் நாள்கணக்கில் முடங்கிக் கிடந்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொடரில் நிறைவேறாவிட்டால் மசோதா குப்பைக்குப் போய்விடும். அபிதியும் அவருடைய தோழர்களும் டெல்லியின் டிசம்பர் குளிரில் தெருவில் இறங்கினார்கள். பார்வையற்றவர்கள், செவித்திறன் இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் என்று நாடாளுமன்றத்தின் கவனத்தைத் திருப்பினார்கள். கட்சித் தலைவர்களைப் பார்த்தார்கள். அமளிக்கு நடுவே அந்த மசோதா நிறைவேறியது. 1996 ஜனவரி 1 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். 1996-ம் ஆண்டின் முதலாம் எண் சட்டம் அதுதான். பிப்ரவரி 7-ல் அமலுக்கு வந்தது.

கவனியுங்கள், 1995-லும் அமளி. 2016-லும் அமளி. இரண்டு முறையும் தொடரின் கடைசிக் கட்டம். இரண்டு முறையும் வெளியே நின்றவர்கள்தான் உள்ளே இருந்தவர்களை இழுத்து உட்கார வைத்தார்கள். 2016 போராட்டத்திலும் முன்னால் இருந்தவர் இதே அபிதிதான்.

அத்தோடு அவர் விடவில்லை. விமானத்தில் ஏற வசதி கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனமுற்றோரை எண்ணவே இல்லை. 2001-ல் எண்ண வைத்ததில் அவருடைய போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2004 மக்களவைத் தேர்தலின்போது வாக்குச் சாவடிகளுக்குச் சாய்வுப் பாதை வேண்டும் என்று அவருடைய குழு உச்ச நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது. இன்றைக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூட வாக்குச் சாவடியில் சாய்தளம் இருக்கிறதே, அதில் பாட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்துப் போகிறோமே, அதன் பின்னால் ஒரு முஸ்லிம் இளைஞனின் உழைப்பு இருக்கிறது. 2018 மார்ச் 4-ம் தேதி அவர் காலமானார். நம் பத்திரிகைகளில் எத்தனை அதைப் பெரிதாகப் போட்டன?

அவர் 'முஸ்லிம் மாற்றுத்திறனாளிகளுக்கு' என்று கேட்கவில்லை, எல்லோருக்குமாகக் கேட்டார். சமுதாய மேடையில் இந்தப் பேச்சு எதற்கு என்று நினைத்தவர்களுக்கு இதுதான் என் பதில். நமக்கான சட்டத்துக்கு மட்டும் நாம் தலை எண்ணினால், மற்றவர்கள் தங்களுக்கானதை மட்டும் எண்ணுவார்கள்.

இரண்டரைக் காசு

சட்டம் வந்துவிட்டது. பணம்?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அன்றைக்கு ஏழெட்டு வகையை வைத்து எண்ணியது அது. மத்திய அரசில் அவர்களுக்கென்று 2012-ல் தனித் துறை அமைத்தார்கள். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் துறைக்கு ஒதுக்கியது 1,275 கோடி ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகை. மொத்த வரவு செலவுத் திட்டம் 50 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். வியாபாரிகள் மனக்கணக்குப் போடுங்கள்: நூறு ரூபாய் செலவில் இரண்டரைக் காசு!

மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்; 80 சதவீதம் பாதிப்பு இருக்க வேண்டும். 2012-ல் 200-லிருந்து 300 ஆக்கினார்கள். அதன்பிறகு அப்படியே நிற்கிறது. நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு, இது போதாது, உயர்த்துங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து அதிகமாகக் கொடுப்பதால் நமக்கு இதன் கொடுமை உறைப்பதில்லை. 2012-ல் 300 ரூபாய்க்கு எத்தனை கிலோ அரிசி விற்றீர்கள், இன்றைக்கு எத்தனை கிலோ விற்கிறீர்கள் என்று மளிகைக் கடைக்காரர்களே சொல்லுங்கள்.

இதை எங்கே கேட்க வேண்டும்? மானியக் கோரிக்கை விவாதத்தில். ஒவ்வொரு துறைக்கும் ஒதுக்கும் பணத்தை மக்களவை விவாதித்து வாக்களிக்க வேண்டும். நடப்பது என்ன? நாலைந்து துறைகளை எடுத்துப் பேசுவார்கள். குறித்த நாள் மாலை வந்ததும் மீதித் துறைகளின் கோரிக்கைகளை விவாதமில்லாமல் ஒரே மூச்சில் நிறைவேற்றிவிடுவார்கள். இதற்கு நாடாளுமன்ற மொழியில் கில்லட்டின் என்று பெயர். தலையை வெட்டும் கருவியின் பெயர்! 2018 மார்ச் 14 அன்று எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் சேர்ந்து அமளியில் சுமார் அரை மணி நேரத்தில் முடிந்தன. 2023 மார்ச் 23-லும் ஒரு துறைகூட விவாதிக்கப்படவில்லை. ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய் குரல் வாக்கெடுப்பில் போனது. நம் வணிகர் சங்கத்தில் வருடாந்தரக் கணக்கை இப்படி நிறைவேற்றினால் பொருளாளரை விடுவோமா?

பிரிட்டனில் வேறு மாதிரி நடக்கிறது. 2025 ஜூலை 1 அன்று அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையைக் குறைக்கும் மசோதா வந்தது. ஆளுங்கட்சியான தொழிற்கட்சிக்கு அசுர பலம். ஆனால் சொந்தக் கட்சி உறுப்பினர்களே வரிந்து கட்டினார்கள். விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் எழுந்து, தனிநபர் உதவித்தொகைக்கான தகுதியைக் கடுமையாக்கும் பகுதியை விட்டுவிடுகிறோம் என்று அறிவித்தார். அதற்குப் பிறகும் 335 ஆதரவு, 260 எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் 49 பேர் ஆளுங்கட்சியினர். அங்கே உறுப்பினர்கள் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு வழியாக நடந்து போய் எண்ணப்படுகிறார்கள். பெயர்ப் பட்டியல் உடனே வெளியாகிறது. மான்செஸ்டரில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர், தன் எம்.பி. எந்த வழியாகப் போனார், அல்லது எந்த வழியாகவும் போகவில்லை என்பதை அன்று இரவே தெரிந்துகொள்ளலாம். அந்த நாட்டின் நடைமுறையைப் பார்த்துத்தான் நாம் நாடாளுமன்றம் கட்டினோம். இந்த ஒன்றை மட்டும் பாதியில் விட்டுவிட்டோம். இங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-லிருந்து இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோ பதவி போகலாம். ஆக, கட்சி சொன்னால் நள்ளிரவிலும் வருகிறார்கள், சொல்லாவிட்டால் பட்டப்பகலிலும் வருவதில்லை. மாற்றுத்திறனாளிகள் மசோதாவுக்குக் கொறடா உத்தரவு போடுங்கள் என்று எந்தக் கட்சியிடம் நாம் கேட்டிருக்கிறோம்?

அவைக்குள் அவர்களே இருந்தால் கதை வேறு. 1953 இடைத்தேர்தலில் கல்கத்தாவிலிருந்து சாதன் குப்தா என்ற பார்வையற்ற வழக்கறிஞர் மக்களவைக்கு வந்தார், கம்யூனிஸ்டுக் கட்சிக்காரர். அதற்குப் பிறகு எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். இந்த விஷயத்தில் தமிழ்நாடு ஒரு படி முன்னால் போயிருக்கிறது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டத் திருத்தம் கொண்டு வந்து நிறைவேற்றினார்கள். நியமனம்தான், தேர்தல் இல்லை. இருந்தாலும் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்கும். நம் ஊர்களில் அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தகுதியுள்ள சகோதர சகோதரிகள் இருக்கிறார்கள். ஜமாஅத்துகள் அவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும்.

நம் வாசலில் மூன்று படி

எம்.பி.க்களை ஏசிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். மனசாட்சி விடவில்லை.

என் கடை வாசலில் மூன்று படி. மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க என் தந்தை காலத்தில் கட்டியது. ஒரு நாள் இளம்பிள்ளை வாதத்தில் கால் பாதித்த ஒரு வாடிக்கையாளர் கீழேயே நின்றுகொண்டு, 'பாய், அந்தச் சட்டையை இங்கே கொண்டு வந்து காட்ட முடியுமா?' என்று கேட்டார். காட்டினேன். வாங்கினார். போகும்போது, 'எதிர்க் கடையில் நாலு படி, அதனால்தான் இங்கே வந்தேன்' என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக அந்த மூன்று படியை நான் படியாகவே பார்த்ததில்லை.

2016 சட்டத்தின் 46-வது பிரிவு அரசுக்கு மட்டுமல்ல, சேவை வழங்கும் தனியாருக்கும் பொருந்தும். விதிகள் 2017 ஜூனில் வந்தன. அதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் எல்லோரும் வந்துபோக வசதி செய்ய வேண்டும் என்றது சட்டம். அந்தக் கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, திரும்பத் திரும்ப மீறினால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை அபராதம். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்த விதிகள் வெறும் ஆலோசனை போல இருக்கக் கூடாது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. எம்.பி. அவையில் இருந்தாரா என்று தெரியாமல் நிறைவேறிய சட்டம்தான், ஆனாலும் நம் கடை வாசல் வரை வந்து நிற்கிறது. அபராதத்துக்குப் பயந்து செய்யச் சொல்லவில்லை. நான் ஒரு இரும்புத் தகட்டுச் சாய்தளம் செய்து வைத்தேன். கொத்தனாரும் வேண்டாம், நகராட்சி அனுமதியும் வேண்டாம். காலையில் போட்டு இரவில் எடுத்து வைக்கலாம். சரக்குத் தள்ளுவண்டியும் அதில்தான் ஏறுகிறது, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் அதில்தான் ஏறுகிறார்கள்.

பள்ளிவாசல்களையும் பாருங்கள். கண் பார்வையற்ற நபித்தோழரைப் பற்றி ஜும்ஆ பயானில் உருக்கமாகக் கேட்கிறோம். வெளியே வந்தால் ஒளூச் செய்யும் இடத்துக்கு இறங்க வழுக்குப் படி. நாற்காலி போட்டுத் தொழும் முதியவர்கள் ஒவ்வொரு ஜமாஅத்திலும் பெருகிவிட்டார்கள். மினாராவுக்கு நிதி சேர்ப்பவர்கள் வாசல் படியையும் ஒரு முறை பார்க்கட்டும்.

கடிதம்

இனி செய்ய வேண்டியது. அடுத்த நாடாளுமன்றத் தொடருக்கு முன்பாக நம் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறோம். வசை இல்லை, கோஷம் இல்லை. கேள்விகள்தான். மாற்றுத்திறனாளிகள் தொடர்பான மசோதாவோ திருத்தமோ வரும் நாளில் வாக்கெடுப்பு முடியும் வரை அவையில் இருப்பீர்களா? குரல் வாக்கெடுப்போடு விடாமல் டிவிஷன் கேட்டு உங்கள் பெயரைப் பதிவு செய்வீர்களா? சமூக நீதி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை விவாதத்துக்கு எடுக்கும்படி உங்கள் கட்சி மூலம் எழுதிக் கொடுப்பீர்களா? 300 ரூபாய் ஓய்வூதியத்தைப் பற்றி இதுவரை எத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள்? கேட்ட கேள்விகளும் பதில்களும் மக்களவையின் பதிவுகளில் இருக்கின்றன. அவர் சொல்வதைச் சரிபார்ப்பது கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மாலை வேலை. அந்தப் பொறுப்பை இங்கே இருக்கும் ஐந்து தம்பிகள் ஏற்றிருக்கிறார்கள்.

கடிதத்தின் பிரதிகள் வாசலுக்கு அருகே மேசையில் இருக்கின்றன. ஊர்ப் பெயர் போடும் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது, வெளியூர்ச் சகோதரர்கள் தங்கள் தொகுதிக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம். கட்சி பார்க்க வேண்டாம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவருக்கும் இதே கடிதம்தான். கையெழுத்துக்குக் கீழே உங்கள் முகவரியையும் தெளிவாக எழுதுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். பதில் வந்தால் ஒரு வரி குறைக்காமல் இதே பக்கங்களில் வெளியிடுவோம். வராவிட்டால், எந்தத் தேதியில் அனுப்பினோம், எத்தனை நாளாக வரவில்லை என்பதைப் போடுவோம்.